பல்லில் வைத்த பஞ்சு

தாரணி மறுபடியும் பஞ்சைப் பிடுங்கிவிட்டாள். காலையில் உஷா படுக்கையை உதறியபோது அந்தச் சின்ன உருண்டை உருண்டு விழுந்தது. மருந்து நெடி குப்பென்று ஏறியது. ஆத்திரத்தில் மகளின் முதுகில் ஒன்று வைத்தாள். வைத்த பிறகு தன்மேலும் எரிச்சல் வந்தது.

தாரணிக்கு ஏழு வயது. கீழ்க் கடைவாய்ப் பால்பல்லில் சொத்தை வேர்வரை இறங்கிச் சீழ் பிடித்திருந்தது. பல் ஆஸ்பத்திரியில் டாக்டர் காந்தா வேருக்குள் மருந்துத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவார். பிறகு மருந்தில் நனைத்த பஞ்சை வைத்து மேலே சிமெண்டு பூசி அனுப்புவார். ஒரு வாரம் அது உள்ளே இருந்தால்தான் கிருமி சாகும். இவளோ ஒரு ராத்திரிகூட விடுவதில்லை. போன தடவை பென்சில் முனை, இந்தத் தடவை ஹேர்பின். ஏண்டி என்று கேட்டால் உதட்டை இறுக்கிக்கொள்வாள்.

விழப்போகிற பல்லுக்கு இத்தனை அலைச்சலா, பிடுங்கிப் போடச் சொல்லுங்கள் அண்ணி என்றான் கொழுந்தன் ரகு. சொல்வது சுலபம். ஒக்கலிபுரத்திலிருந்து பஸ் மாறிப் போவது அவனில்லை. பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்துக்கொண்டு, லீவு கேட்டுத் தலைமையாசிரியை முகத்தில் விழிப்பதும் அவனில்லை. கணவன் உத்தமன் உயிரோடு இருந்தவரை மகளின் பல் அவன் பொறுப்பு. சித்திரையில் அவன் மாரடைப்பில் போனான்; பிறகு எல்லாமே உஷாவின் தலையில்.

டாக்டர் காந்தா வாய்க்குள் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். கன்னடம் கலந்த தமிழ் அவருடையது.

“நோடம்மா, நான் கழுவுறது, இவ பிடுங்குறது, இதே வேலையா? இன்னொரு தடவ வீங்குனா பல்ல எடுக்கணும். இல்லாட்டி கீழ வளர்ற பல்லும் கெட்டுப்போகும்.”

“நான் என்ன மேடம் பண்ணட்டும்? ராத்திரி பூரா இவ கையப் புடிச்சிக்கிட்டே ஒக்காந்திருக்கவா?”

பிளீச்சிங் பவுடர் வாடை எழும்ப டாக்டர் மறுபடி கழுவினார். தாரணி சமர்த்தாக வாயைத் திறந்து வைத்திருந்தாள். ஊசிக்குக்கூட அழாத பிள்ளை. ஆனால் இடுக்கி பஞ்சைத் தூக்கியதும் டக்கென்று வாயை மூடினாள். டாக்டர் தாடையைப் பிடித்தார், விரலைக் கடித்துவிட்டாள். உஷா கையை ஓங்கிக்கொண்டு எழுந்தாள்.

தாரணி வாயைப் பொத்திக்கொண்டு, விரலிடுக்கு வழியாகச் சொன்னாள்: “அப்பாவுக்கும் பஞ்சு வெச்சாங்க. அப்புறம் அப்பா வாயே தெறக்கல.”

ஓங்கிய கை அப்படியே நின்றது. உத்தமன் மூக்கில் அடைத்த பஞ்சு. தாடையைச் சுற்றிக் கட்டிய துணி. அந்தக் கூட்டத்தில் பிள்ளை எங்கே நின்றாள் என்று யாருமே பார்க்கவில்லை.

டாக்டருக்குப் புரியவில்லை. உஷா தட்டுத்தடுமாறி விளக்கினாள். டாக்டர் பஞ்சைக் குப்பையில் போட்டார். இதை முன்னாடியே சொல்லக்கூடாதா என்று முணுமுணுத்தபடி அலமாரியைத் திறந்து, வெள்ளைக் களிம்பு அடைத்த குழலை எடுத்துத் தாரணியிடம் காட்டினார்.

“பஞ்சு இல்ல, பாத்துக்கோ. இதையும் நோண்டுனா நான் சும்மா இருக்கமாட்டேன், ஆய்த்தா?”

தாரணி அதை முகர்ந்து பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள்.

அடுத்த வாரம் போனபோது பூச்சு அப்படியே இருந்தது. ஈறில் வீக்கம் வற்றியிருந்தது. பல்லை எடுக்க வேண்டாம், இனி நிரந்தரமாக அடைத்துவிடலாம் என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில் தாரணி ஓயாமல் தொணதொணத்தாள். சிக்னலுக்குச் சிக்னல் வாயை ஆவென்று பிளந்து, உள்ளே பஞ்சு இல்லையே என்று கேட்டாள். உஷாவுக்குத் தலை வலித்தது. வாயை மூடுடி என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, இன்னொரு தடவை குனிந்து பார்த்தாள்.