கிறிஸ்தோப்பர் பார்க்காத இங்கிலாந்து

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் ஐந்து நாள் வான் வண்டி ஓட்டித் திரிந்துவிட்டு வந்த மனிதரிடம் அந்த நாடு எப்படி இருந்தது என்று கேட்டால் வாய் நிறையச் சொல்லவேண்டாமா? கிறிஸ்தோப்பருக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அது அவருக்கே தெரியவந்தது ஒரு ஞாயிறு மத்தியானம், மொன்றியலின் லாசாலில் தன் வீட்டு வாசலில், பூசைக்குப் போய்வந்த சப்பாத்தை இன்னும் கழற்றாமல் நின்றபோதுதான்.

கேட்டவர் மேல்மாடியில் இருக்கும் ஆவுடையப்பன். திருநெல்வேலிக்காரர், கொம்பியூட்டர் வேலை, போன மாதம்தான் கலியாணம் முடித்தவர். கொம்பனி அவரை மூன்று மாதத்துக்கு இங்கிலாந்துக்கு அனுப்புகிறதாம். "அண்ணே, கிராமத்துப் பக்கமெல்லாம் சுத்திட்டு வந்தீங்களாமே, எப்படி இருந்துச்சு? என் ஒய்ஃபைக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன்" என்று ஆவலாகக் கேட்டார்.

கிறிஸ்தோப்பர் தொண்டையைச் செருமினார். றோட்டு சரியான ஒடுக்கம் என்றார். எதிரே வாகனம் வந்தால் இரண்டில் ஒன்று பின்னுக்கு எடுக்கவேண்டும் என்றார். சந்திக்குச் சந்தி ஒரு வட்டம் இருக்கும், வலப்பக்கத்தால் வருகிறவனுக்கு வழி விடவேண்டும் என்றார். பிறகு? பிறகு ஒன்றும் வரவில்லை. ஆவுடையப்பன் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

பிழை யாருடையது என்றால் அவருடையதேதான். மொன்றியலுக்கு வந்து பதினொரு வருசம். பெட்டி செய்யும் ஃபக்டரியில் பின்னேர சிஃப்ட், சனிக்கிழமையில் ஓவர்டைம். லீவு என்று ஒன்று எடுத்தது இந்த 2004 ஜூலையில்தான். லண்டனில் இருக்கும், அவர் பெண்சாதி றோசலினின் தமக்கை திரேசம்மா தங்கள் வானைத் தர முன்வந்தாள். அவள் புருசனுக்குக் கடையை விட்டு வர முடியாது, அதனால் ஓட்டுவதற்கு வேறு யாரையாவது ஒழுங்கு செய்யலாம் என்றாள். விட்டாரா நம்முடையவர்? யாழ்ப்பாணத்தில் இடப்பக்கம் வான் ஓட்டின ஆளுக்கு இது ஒரு விசயமா என்று வானின் திறப்பைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டார். வாங்கின பிறகுதான் தெரிந்தது, பதினொரு வருசமாக வலப்பக்கம் ஓடிப் பழகின கை ஒவ்வொரு சந்தியிலும் வலப்பக்கம்தான் இழுக்கிறது. அதற்குப் பிறகு ஐந்து நாளும் அவர் கண் தார் றோட்டை விட்டு எழும்பவில்லை. டெவன் பக்கத்து ஒழுங்கைகளில் இரண்டு பக்கமும் வேலி கண்ணாடியை உரசிக்கொண்டு வந்தபோது மூச்சுகூட ஒழுங்காக விடவில்லை.

அப்படியென்றால் அந்த வேலிக்கு அங்கால் என்ன இருந்தது? சப்பாத்தைக் கழற்றியபடியே இந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை பெண்சாதி பிள்ளைகளோடு ஊர் சுற்றப் போய், அதையும் பார்க்காமல் வந்திருக்கிறாரே என்று நெஞ்சுக்குள் ஒரு மாதிரி இருந்தது.

முதலில் அல்பத்தை எடுத்தார். படமெல்லாம் அவரே எடுத்ததுதான். நம்முடைய ஆட்கள் படம் எடுத்தால் ஆள் தெரியவேண்டும், அதுவும் தலையிலிருந்து சப்பாத்து வரை தெரியவேண்டும். அறுபத்திரண்டு படத்திலும் றோசலினும் இரண்டு பிள்ளைகளும் பாஸ்போட்டுக்கு நிற்கிற மாதிரி நேராக நின்றார்கள். ஒரு படத்தில் மட்டும் மகள் ஜென்சியின் காதுக்குப் பக்கத்தில் பச்சையாக ஏதோ தெரிந்தது. ஜன்னலடிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தார். அது வேறொருவருடைய கார்.

சாப்பாட்டு மேசையில் சோறும் கணவாய்க் கறியும் வைத்தபோது விசாரணையைத் தொடங்கினார். மகன் டினோஜனுக்குப் பதின்மூன்று வயது. எதைக் கேட்டாலும் பிரெஞ்சில் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிற பிள்ளை. தோளைக் குலுக்கினான். துருவித் துருவிக் கேட்டதில் கேம்போய் விளையாடிக்கொண்டிருந்தது வெளியே வந்தது. எட்டு வயது ஜென்சிக்கு வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிரட்டியதால் பிளாஸ்டிக் பைக்குள் தலையை வைத்திருந்தாளாம். சரி, றோசலின் கட்டாயம் பார்த்திருப்பாள் என்று அவளிடம் திரும்பினார். அவள் கறிச் சட்டியைக் கிண்டிக்கொண்டே உண்மையைச் சொன்னாள். அவர் ஓடின ஓட்டத்துக்குக் கண்ணைத் திறக்கவே பயந்து, லண்டன் எல்லையில் தொடங்கிய செபமாலையைத் திரும்ப லண்டனுக்கு வந்துதான் முடித்தாளாம்.

அட கடவுளே! நாலு பேர் கடல் கடந்து போய், ஒருவர்கூடப் பார்க்காமல் வந்திருக்கிறார்கள். கிறிஸ்தோப்பருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில் இந்தப் பயணத்தைப் பற்றி றோசலின் கதைக்காத ஞாயிறு இல்லை. ஜென்சி பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றிப் பேசி முதல் பரிசு வாங்கியவள்.

"அப்ப என்னத்தைத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறியள்?" என்று கேட்டார்.

"செம்மறியாடு வந்ததை" என்றாள் ஜென்சி.

அவருக்கு முகம் சுருங்கியது. டாட்மூர் வெளியில் ஆட்டுக் கூட்டம் ஒன்று றோட்டில் படுத்துக்கொண்டு இருபது நிமிசம் எழும்பவில்லை. பின்னால் ஏழெட்டுக் கார் நின்றது. சட்டை முதுகோடு ஒட்டியது. அந்தப் பயணத்திலேயே அவர் மறக்க நினைத்த இருபது நிமிசம் அது.

ஜென்சி விட்டபாடில்லை. அப்பா அப்போது எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, சீற்றில் கையைப் போட்டு முழுக்கப் பின்பக்கம் திரும்பினாராம். மொன்றியலில் முதன்முதலில் டிரைவிங் டெஸ்டுக்குப் போய் இடப்பக்கம் ஏறி, பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்ற கதையைச் சொன்னாராம். டெஸ்ட் எடுத்த பெண் காரை விட்டிறங்கி, மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு நடந்தே லைசன்ஸ் கந்தோருக்குப் போனதை நடித்தும் காட்டினாராம். சொல்லிச் சொல்லிச் சிரித்துக் கண்ணில் தண்ணி வந்து, ஸ்டியரிங்கில் அடித்ததில் ஹோர்ன் அலற, ஆடுகள் தலையைக்கூடத் திருப்பவில்லையாம்.

கிறிஸ்தோப்பர் திகைத்துப்போனார். அந்தக் கதையை அவர் யாருக்கும் சொன்னதில்லை, மூன்று தரம் ஃபெயிலானதை றோசலினுக்கே மறைத்தவர். சிரித்ததும் நினைவில் இல்லை, திரும்பியதும் நினைவில் இல்லை.

"நானோ?"

"நீங்கள்தான்" என்றாள் றோசலின். கரண்டியை வைத்துவிட்டு அவரை நேரே பார்த்தாள். "வேலைக்குப் போகேக்க பிள்ளையள் பள்ளிக்கூடத்தில. வரேக்க நித்திரை. அந்த அஞ்சு நாளும் விடிஞ்சதில இருந்து பொழுதுபடுமட்டும் நீங்கள் எங்களுக்கு முன்னால இருந்தனீங்கள். வேற என்னத்தைப் பாக்கச் சொல்லுறியள்?"

ஐந்து நாள் இவர்களோடு இருந்து, இவர்களைச் சிரிக்கவைத்து, வேறெங்கும் பார்க்கவிடாமல் பண்ணிய அந்த மனிதர்மேல் கிறிஸ்தோப்பருக்குப் பொறாமையாகவே இருந்தது. வயலையும் வேலியையும் பற்றிக் கேட்க வைத்திருந்த கேள்வியெல்லாம் எங்கேயோ போய்விட்டது. சோற்றுக் கோப்பையை ஒரு பக்கம் தள்ளிவைத்தார்.

"பேந்து?" என்று கேட்டார். "பேந்து நான் என்ன செய்தனான்?"

ஜென்சி வாயைத் திறப்பதற்குள் டினோஜன் அவளைக் கையால் மறித்தான். தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி, அவன் அப்பாவுக்கு அப்பாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான்.