பத்தாம் தேதி அழைப்பு

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது, ஒப்புக்கொள்கிறேன். சூலியா தெருச் சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசைப் பெண் கைபேசியில் சொன்னாள்: "கட்டிடுறேம்மா. நீ சாப்ட்டியா?" மகளிடம் பேசுகிறாள் என்று நினைத்தேன். எதிர்முனையில் வங்கியின் கடன் வசூல் பிரிவாம்! மற்றதெல்லாம், காமாரியா என்று அவளுக்கு வைத்த பெயர் உட்பட, என் கற்பனை.

2

"காமாரியா கடனில் மூழ்கி..."

வேண்டாம், மூழ்கவில்லை. லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வேலை, ஒழுங்கான சம்பளம். தம்பி ஹைக்கலுக்காக ஜுருவில் தன் பெயரில் வங்கிக் கடனில் கார் எடுத்துக் கொடுத்தாள். அவன் காரோடு ஜொகூர் போனான். தவணையும் நின்றது, பேச்சும் நின்றது. இப்போது அவளே கட்டுகிறாள், மாதம் ஐந்நூறு வெள்ளி.

(தம்பிக்கு ஒரு நல்ல காரணம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. தொலையட்டும்.)

3

எப்போதும் ஒரு மாதம் பிந்தியே கட்டுகிறாள். பணம் இல்லாமலா? அலமாரியில் இருக்கிறது. பிந்தினால்தான் பத்தாம் தேதி காலை பதினொரு மணிக்கு வங்கியிலிருந்து பிரமிளா கூப்பிடுவாள்.

"அக்கா, இந்த மாசமும் லேட்டுலா."

"தெரியும்மா. இருமல் போச்சா?"

"போச்சுக்கா. நீங்க எப்படி இருக்கீங்க?"

அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இத்தனையும். வேறு யாரும் அவளைக் கேட்பதில்லை. தனிமை, வேறென்ன.

4

அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டை அதன் உரிமையாளர் விற்கப்போகிறார். "ஒரு வருஷம் டைம் தரேன். நீங்களே வாங்கிக்குங்க, இல்லன்னா காலி பண்ணிடுங்க."

கடன் கேட்டு வங்கிக்குப் போனாள். அதிகாரி கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "உங்க கடன் ஸ்கோர் ரொம்ப மோசம்க்கா. பன்னெண்டு மாசமும் லேட். பாக்கிய முடிச்சிட்டு, ஒரு வருஷம் தேதி தவறாம கட்டுங்க. அப்புறம் பார்க்கலாம்."

வீடா, அழைப்பா? வீடுதான், இதிலென்ன யோசனை என்பீர்கள். உங்களுக்கென்ன, நாலு பேர் போன் பண்ணுகிறார்கள்.

5

முடிவு ஒன்று: பாக்கியையும் சேர்த்துக் கட்டிவிட்டாள். பத்தாம் தேதி. கைபேசி மேசைமேல் இருக்கிறது. பதினொன்று. பதினொன்றேகால். கட்டியவர்கள் பெயர் பிரமிளாவின் பட்டியலில் இருக்காது.

முடிவு இரண்டு: [பிரமிளா தன் சொந்த எண்ணிலிருந்து கூப்பிட்டு, "அக்கா, சும்மாதான்..."]

இதை ஆறு தடவை எழுதி ஆறு தடவையும் அடித்துவிட்டேன். அதற்குமேல் போகத் தெரியவில்லை. என்னை யாரும் அப்படிச் சும்மா கூப்பிட்டதில்லை. உங்களைக் கூப்பிட்டிருந்தால், நீங்களே எழுதுங்கள்: போனை எடுத்ததும் காமாரியா முதலில் என்ன சொல்வாள்?