எல்லாம் பச்சை

அந்தக் குளிர்கிடங்கில் அவனுக்குப் பெயர் சிஸ்டம். கம்ப்யூட்டர் படுத்தாலும் பிரிண்டர் முரண்டு பிடித்தாலும் "சிஸ்டத்தைக் கூப்பிடு" என்பார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். அவனோ அதைப் பட்டம் மாதிரி தலையில் சூடிக்கொண்டு திரிந்தான்.

மீனையும் பட்டாணியையும் உறையவைக்கும் குழாய்களில் ஓடுவது அம்மோனியா. கசிந்தால் முதலில் கண் எரியும், அப்புறம் மூச்சு அடைக்கும், அதற்கப்புறம் சொல்ல வேண்டியதில்லை. கசிவை மோப்பம் பிடிக்க கிடங்கு முழுக்க சென்சார்கள் இருந்தன. அவற்றைப் படிக்கும் புரோகிராம் மட்டும் ஆதிகாலத்துச் சரக்கு. புது கம்ப்யூட்டரில் ஓடவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதனால் சிஸ்டம் புது கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாலேயே ஒரு பழைய கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதற்குள் அந்தக் கிழத்தைக் குடிவைத்தான். வர்ச்சுவல் மெஷின் என்பார்கள். அது காட்டும் எண்களை நிமிடத்துக்கு ஒருமுறை படம்பிடித்து மேனேஜர் அறை டிவியில் போடவும் தானே ஒரு குட்டிப் புரோகிராம் எழுதினான். எண்கள் பச்சையாக இருந்தால் பயமில்லை. சிவந்தால் அந்தப் பழைய புரோகிராமே சைரனை அலறவைக்கும். மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார். புதுப் படம் வராவிட்டால் டிவி என்ன காட்டும் என்று அவரும் கேட்கவில்லை, நம்ம மகா புத்திசாலியும் யோசிக்கவில்லை.

அந்தத் தைரியத்தில்தான் சொந்தத் தங்கச்சியையே மீன் பிரிவில் வேலைக்குச் சேர்த்தான். "கேஸு கீஸுன்னு சொல்றாங்களேடா, அவள அங்க விடணுமா?" என்று அம்மா பயந்தாள்.

"நான் மேல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கேன்ல, என்னம்மா ஆயிடும்?" என்று வாயை அடைத்தான்.

போன வாரம் லேபிள் அடிக்கும் புது மென்பொருள் ஒன்று வந்தது. திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. இணையத்தில் முகம் தெரியாத யாரோ ஒரு புண்ணியவான் வழி சொல்லியிருந்தான்: பாதுகாப்பு அமைப்புகளுக்குள் போய் இன்ன காவலை அணைத்துவிடு. அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் அணைத்திருக்கலாம். அவன் அவசரத்தில் மொத்தக் கம்ப்யூட்டருக்கும் அணைத்தான். லேபிள் ஓடியது, அவனும் அதோடு மறந்தான். அன்றிலிருந்து வர்ச்சுவல் மெஷின் சொல்லாமல் கொள்ளாமல் சுருண்டு விழ ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் கிளப்பிவிட்டு, பழியைக் கிழட்டுப் புரோகிராமின் தலையில் போட்டான். வெளியே சொன்னால் தன் கெட்டிக்காரத்தனம் சந்தி சிரிக்கும் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை.

நேற்று வேலை முடிந்து வண்டியில் திரும்பும்போது பின்னாலிருந்து தங்கச்சி சொன்னாள். "அண்ணா, இன்னிக்கு மீன் ரூம்ல கண்ணு எரிஞ்சுது."

"தரை கழுவுற மருந்தா இருக்கும். நான் டிவியப் பாத்தேன், எல்லாம் பச்சை. மட்டம் போட வழி தேடாத."

அவள் சிரித்துக்கொண்டே அவன் முதுகில் ஒரு குத்து விட்டாள். "நீ பாத்துட்டேன்னா சரி."

இன்று மதியம்தான் மாடிக் கம்ப்யூட்டர் அறைக்குப் போனான். நேற்று முழுக்கக் கீழே கேபிள் இழுக்கும் வேலை. திரையில் வர்ச்சுவல் மெஷினைக் காணோம். 'எதிர்பாராமல் நின்றுவிட்டது' என்று ஒரு சின்னக் கட்டம் மட்டும் மௌனமாக நின்றது. கடைசிப் படம் எப்போது எடுத்தது என்று பார்த்தான். நேற்றுக் காலை.

நேற்று அவள் கண் எரிந்தபோது சென்சாரைப் படிக்க ஆளே இல்லை. இப்போதும் இல்லை. அவள் இப்போதும் உள்ளேதான் இருக்கிறாள்.

அந்த நேரத்திலாவது ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. சத்தமில்லாமல் கிளப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று ஆசை வந்தது. கிளப்பினான். பாதியில் விழுந்தது. மறுபடி கிளப்பினான். கோடு நகர்ந்து நகர்ந்து கடைசிக்கு வந்து, ஒரே ஒரு எண் மினுங்கி, மறுபடி விழுந்தது. மினுங்கிய எண் சிவப்பு.

அப்போதுதான் அணைத்த காவல் நினைவுக்கு வந்தது. அதைத் திரும்பப் போட்டால் கம்ப்யூட்டரையே அணைத்துத் திறக்க வேண்டும். அதுவரை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பாளா? படிகளில் விழுந்தடித்து இறங்கி, சுவரில் இருந்த அபாயப் பொத்தானை ஓங்கிக் குத்தினான். சைரன் அலறியது.

மேனேஜர் பாய்ந்து வந்தார். "யாருய்யா அமுக்கினது? டிவியில எல்லாம் பச்சையா இருக்கே!"

"அது நேத்து எடுத்த படம் சார்."

அவர் முகம் வெளிறியதைப் பார்க்க அவன் நிற்கவில்லை.

வாசலில் தடிமனான கோட்டுகளோடு ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். "சிஸ்டம், இன்னிக்கு எந்த ஒயர மாத்திக் குடுத்த?" என்று ஒருவர் சிரித்தார். பட்டாணிக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். மீன் பிரிவில் பாதிப்பேர் இருமிக்கொண்டு வந்தார்கள். தங்கச்சி வரவில்லை.

"எங்கக்கா அவ?" என்று மீன் வெட்டும் அக்காவின் கையைப் பிடித்து உலுக்கினான்.

"கடைசி ரூம்லப்பா. அங்க ரெண்டு பேரு கண்ணு எரியுதுன்னு அப்பவே வெளிய வரப் பாத்தாங்க. 'எங்கண்ணன் மேல பாத்துக்கிட்டு இருக்கான், ஒண்ணும் இருக்காது, வாங்க'ன்னு இவதான் திருப்பி உள்ள கூட்டிட்டுப் போனா."

உள்ளே ஓடப் போனவனை, குளிரூட்டும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் கம்ப்ரசர்காரர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். "முகமூடி இல்லாம போயி நீயும் விழணுமா? தள்ளு!" அவரும் உதவியாளும் முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். கதவு மூடிக்கொண்டது. தனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டான். அம்மாவின் முகம்தான் வந்தது.

கதவு திறந்தது. இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு தடுமாறி வந்தார்கள். பின்னால் கம்ப்ரசர்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். தரையில் உட்காரவைத்து முகத்தில் தண்ணீரை ஊற்றினார்கள். கண் இரண்டும் வீங்கி ஒட்டியிருந்தன. மூச்சு கீச்சுக் கீச்சென்று வந்தது. வந்ததே, அது போதும் என்று அவனுக்கு அழுகை முட்டியது.

"பாப்பா, அண்ணன்தான்."

குரல் வந்த பக்கம் கையை நீட்டித் துழாவி, அவன் சட்டையைப் பிடித்தாள். தொண்டை கிழிந்த குரலில் கேட்டாள். "கண்ணு தெரியலண்ணா. நீ பாத்துட்டேல்ல? ஒண்ணும் இல்லதானே?"

ஆம்புலன்ஸ் சத்தம் தூரத்தில் கேட்டது. மேனேஜர் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் டிவி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, எல்லாம் பச்சையாக.