முழு எடை

சாய்ந்துகொண்டே இருக்கிறாள் சாந்தாமணி, வலது தோள் ரங்கராஜின் மார்பில் பட்டுவிட்டது, இன்னும் இன்னும் என்கிறாள் புதிய இயக்குநர் தாரிணி, முழு எடையையும் அவர்மேல குடுங்க, பிடிச்சு வச்சுக்காதீங்க, ஆனால் எடையை எப்படிக் கொடுப்பது, கோயமுத்தூரின் இந்த நாட்டிய நாடகக் குழுவில் இத்தனை வருஷமாக அவள் வள்ளி, அவர் முருகன், யானைக்குப் பயந்து ஓடிவந்து கட்டிக்கொள்ளும் இடத்தில்கூட இரண்டு உடம்புக்கும் நடுவில் ஒரு விரற்கடை வெளி இருக்கும், பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, மேடையை விட்டு இறங்கினால் ஏனுங்ணா டீ குடிச்சீங்களா என்பாள், அவரும் குடிச்சாச்சு அம்மிணி என்று தள்ளியே நிற்பார், இப்போது சலங்கையில்லை, மிருதங்கமில்லை, முருகன் கை வேலுமில்லை, பெங்களூரிலிருந்து வந்த தாரிணி எல்லாவற்றையும் ஒதுக்கிவைக்கச் சொல்லிவிட்டாள், இதுக்குக் கதை என்னங்க மேடம் என்று கேட்டதற்கு, கதை இல்லை, ரெண்டு பேர் இருக்கீங்க, அது போதும் என்றாள்.

வீட்டில் கணவரிடம் இதை எப்படிச் சொல்வது, தொட்டால் தனக்குள் என்னவோ ஆகிவிடுமோ என்றெல்லாம் பயந்துதான் அன்று சாய்ந்தாள், ஆனால் அவள் பயந்தது அங்கே இல்லை, மோட்டார் ஓடும்போது தண்ணீர்க் குழாய்மேல் கை வைத்தால் தெரியுமே, அப்படியொரு நடுக்கம் அவர் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருந்தது, அவர் முழங்கால் மடங்கப் பார்த்தது, அம்மிணி, யாருகிட்டயும் சொல்லிப்போடாத என்று அவள் காதோரம் சொன்னார்.

அப்படியானால் உடுமலையில் வேல் கைநழுவி விழுந்ததே, முருகனின் விளையாட்டு என்று கூட்டம் சிரித்ததே, அது இதுதானா, பழனி போகும் பஸ்ஸில் சட்டைப் பொத்தானோடு வெகுநேரம் போராடிக்கொண்டிருந்தாரே, அதை நிஜமாகவே பார்த்தாளா, இல்லை நேற்றுக் கண்ட கனவா, ஒன்றும் பிடிபடவில்லை, இடைவேளையில் குழாயடியில் வைத்து எத்தனை நாளாங்ணா என்று கேட்கிறாள், அது ஆச்சு, டாக்டரு நடுக்குவாதம்ங்கறாரு, மாத்திரை போட்டாக் கொஞ்ச நேரம் நிக்குது, கையில வேலு இருந்தாத் தெரியறதில்ல, இந்தம்மா அதையும் புடுங்கிப்போட்டாங்க என்று சிரித்தார், அவர் சிரிப்பதைப் பார்த்து யார்மேல் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குப்பின் சாய்வதுபோல் சாய்ந்தாள், எடையைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டாள், பழைய விரற்கடை திரும்ப வந்துவிட்டது, தாரிணி விடவில்லை, நீங்க பொய் சொல்றீங்க, உங்க கால் காட்டிக்கொடுக்குது, இப்படியே போனா ஜோடியை மாத்தணும் என்றாள், மாற்றட்டும் என்று ஒரு மனம், மாற்றினால் அவர் வீட்டோடு முடங்கிவிடுவார் என்று ஒரு மனம், சொன்னால் துரோகம், சொல்லாமல் சாய்ந்தால் விழுந்து எலும்பு முறியும், மேடை ஏற நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது, ஒருநாள் அவளையறியாமலே வாயில் வந்துவிட்டது, நீங்க எம்மேல சாயுங்ணா, அவர் திகைத்தார், ஆம்பளை சாஞ்சா நல்லாவா இருக்கும் என்றார், கதையே இல்லைங்கறாங்க, அப்பறம் ஆம்பளை என்ன பொம்பளை என்ன என்றாள், அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அந்தம்மாவைக் கேட்டுப் பாரு என்றார்.

மேடம், ஒருதடவை மாத்திப் பாக்கட்டுங்களா, அவரு சாயட்டும் என்று கேட்டபோது தாரிணி ரங்கராஜின் நடுங்குகிற இடதுகையைப் பார்த்தாள், பார்த்தாளா, சாந்தாமணிக்கு இன்றுவரை நிச்சயமில்லை, சரி என்று மட்டும் சொன்னாள்.

மேடையில் விளக்கு மெல்ல ஏறுகிறது, முன்வரிசையில் கணவரின் வெள்ளைச் சட்டை தெரிகிறது, ரங்கராஜ் முதலில் தன் எடையில் கொஞ்சம்தான் தந்தார், அப்புறம் இன்னும் கொஞ்சம், பிறகு பிடித்துவைத்திருந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டார், இந்த மனிதருக்கு இவ்வளவு கனமா, அவள் பாதம் தரையை இறுகப் பற்றிக்கொண்டது, அவருடைய நடுக்கம் அவள் தோளில் இறங்கி, முதுகில் இறங்கி, கால்வரைக்கும் வந்தது, நான் இப்போது வள்ளியா, தங்கச்சியா, இல்லை இரண்டுக்கும் பெயரில்லாத யாரோவா, இரண்டு உடம்பும் சேர்ந்து நடுங்குகின்றன, எது யாருடையது என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது, கொஞ்ச நேரத்தில் அவளுக்கும் தெரியவில்லை.