ஏழாம் ஸ்தலத்தில் தண்ணீர் பாட்டில்

1.

இந்தக் கதை கேட்டு வாங்கப்படுகிறது. எங்கள் கோயில் கட்டி ஐம்பது வருடம் ஆகிறதாம். அதற்கு ஒரு பொன்விழா மலர் போடுகிறார்கள். கோயில் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவையின் செயலாளர் அமல்தாஸ் வந்து, இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னான். தலைப்பையும் கையோடு கொண்டுவந்திருந்தான்: ‘தவத்தில் மலர்ந்த தாய்’. தாய் என்றது என் மனைவி ஆக்சிலியாவை. போன தவக்காலத்தில் செத்துப்போனாள்.

“மாமா, ஊருல பொஸ்தகம் படிக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான். அத்தை ஒருசந்தி இருந்ததப் பத்தி நல்லா உருக்கமா எழுதிக் குடுங்க. பக்கத்துலயே அத்தை போட்டோ. தலைக்குப் பின்னால ஒளிவட்டம் போட்டுடலாம்னு இருக்கறோம்.”

“ஒளிவட்டமா?”

“லேசாத்தாங்க மாமா. உத்துப் பாத்தாதான் தெரியும்.”

(ஒருசந்தி தெரியாதவர்களுக்கு: தவக்காலத்தில் நாளுக்கு ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு விரதம் இருப்பது. எங்கள் ஊரில் வயதானவர்கள் வெள்ளிக்கிழமைகளில் தண்ணீரையும் விட்டுவிடுவார்கள். அப்படி விடச் சொல்லி எந்தச் சாமியாரும் சொன்னதில்லை.)

ஆக்சிலியா ஒருசந்தி இருக்கவில்லை. வாரத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். உடம்பு இளைக்கிற ஊசி. அதில் குமட்டல் வந்தது, வாந்தி வந்தது. அதைத்தான் ஊர் தவம் என்று நினைத்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன் வாசகரே. கடைசி வரை ஒளித்துவைத்துத் திடுக்கிட வைக்கிற எழுத்து எனக்குப் பிடிக்காது.

வேறொன்றை ஒளித்துவைக்கப் பார்ப்பேன். கவனமாக இருங்கள்.

2.

முதல் தொடக்கம்: மாசி மாதப் பனி விலகாத ஒரு காலைப்பொழுதில் ஆக்சிலியா—

விட்டேன். அவள் கொல்லையில் குனிந்து வாந்தி எடுத்ததைச் சொல்ல மாசிப் பனி எதற்கு?

இரண்டாம் தொடக்கம்: நவீன மருத்துவத்தின் கோர முகத்தை அன்று—

இதையும் விட்டேன். நவீன மருத்துவத்தின் முகம் நன்றாகத்தான் இருந்தது. தர்மபுரியில், கண்ணாடி போட்ட, பொறுமையான ஒரு பெண் டாக்டரின் முகம் அது.

மூன்றாவதில் ‘நான்’ என்று ஆரம்பித்தேன். நான்கே வரியில் எனக்கு நானே வக்கீல் ஆகிவிட்டேன். அதனால் கஸ்பார் என்று ஒருவரை வைத்துக்கொள்கிறேன். ஒளிவு மறைவு இல்லை, கஸ்பார் நான்தான். ஆனால் ‘அவர்’ என்று எழுதும்போது ஆளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி உதைக்க முடிகிறது.

கஸ்பார் மொரப்பூர் ஸ்டேஷனில் முப்பத்தொரு வருடம் பாயிண்ட்ஸ்மேன். கொடி காட்டுகிற வேலை. எது செய்தாலும் அதன் நேரத்தில் செய்வதைத் தவிர அந்த வேலையில் வேறு சாமர்த்தியம் ஏதும் தேவையில்லை. [இந்த வரியை நினைவில் வையுங்கள். கஸ்பாரை உதைக்கும்போது உதவும்.]

ஆக்சிலியாவுக்கு எண்பத்து நாலு கிலோ, சர்க்கரை, இரண்டு முட்டியும் தேய்மானம். எங்கள் ஊர்க் குன்றில் சிலுவைப்பாதைக்குப் பதினான்கு ஸ்தலங்கள் உண்டு. கீழிருந்து மேல் வரை ஒவ்வொன்றிலும் முட்டி போட்டுச் செபித்துக்கொண்டே ஏறவேண்டும். ஆறு வருடமாக அவள் அடிவாரத்து நாற்காலியில் உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் நிர்மலாதான் கிறிஸ்துமஸ் லீவில் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

“கொஞ்சம் கொஞ்சமா, மெதுவா மென்னு சாப்பிடணும்மா,” என்றார் டாக்டர். “வயிறு ரொம்புன மாதிரி இருந்தா அதோட கைய கழுவிடணும்.”

“களிய யாருங்க மென்னுவாங்க? முழுங்கறதுதானுங்களே.”

டாக்டர் சிரித்துவிட்டார். “அப்பக் களி கொஞ்ச நாளைக்கு வேணாம். அதே மாவுல கூழு காய்ச்சி, டம்ளர்ல வச்சிக் குடிங்க.”

“கொளம்புல எண்ண மெதக்கலாமுங்களா?”

“மெதக்காம இருந்தா நல்லது.”

“அப்ப அது கொளம்பே இல்லீங்களே.”

ஒரு தாளில் தமிழிலேயே எழுதியும் கொடுத்தார். எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். சாப்பிட்டதும் படுக்க வேண்டாம். மடக்கு மடக்காகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கவும். மலச்சிக்கல் இருந்தால் சொல்லவும், மருந்து உண்டு. ஒரு நாளுக்கு மேல் வாந்தி நிற்காவிட்டால், குடித்த தண்ணீர் தங்காவிட்டால், அடுத்த ஊசி போடாமல் உடனே வரவும். இந்தக் கடைசி வரிக்கு மட்டும் டாக்டர் அடிக்கோடு போட்டிருந்தார்.

அந்தத் தாளை ஆக்சிலியா பிரிட்ஜுக்கு மேலே சுவரில் ஒட்டினாள். வருகிறவர்கள் படித்துவிடக் கூடாது என்று, அதன் மேலேயே மாதா படம் போட்ட கோயில் காலண்டரை மாட்டினாள். இப்படி ஒரு குறியீடு வந்து வாய்த்தால் எழுத்தாளர்கள் ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுதுவார்கள். நான் மாட்டேன். காலண்டர் ஒரு ஆணியில் தொங்கியது, அவ்வளவுதான்.

3.

முதல் இரண்டு மாதம் எல்லாம் கட்டுக்குள் இருந்தது. ஊசி வியாழக்கிழமை சாயங்காலம். ஏன் வியாழன் என்றால், “ஞாயித்துக்கெழம கறிக்கொளம்புக்குள்ளயாவது வவுறு சரியாயிடுமில்லீங்க?” வெள்ளிக்கிழமை குமட்டும். அன்று அரை இட்லி, இஞ்சி தட்டிப்போட்ட கஞ்சி, பக்கத்தில் எப்போதும் ஒரு சொம்புத் தண்ணீர். அழுகின முட்டை நாற்றத்தில் ஏப்பம் வரும். ஒருமுறை பூசையில் வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் பாவத்துக்காக அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் தாங்களும் அழுதார்கள்.

* இதை நான் கற்பனை செய்யவில்லை. கற்பனை செய்திருந்தால் இன்னும் கௌரவமாகச் செய்திருப்பேன்.

ஏழு கிலோ குறைந்தது. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கிக் காட்டினாள். “பாத்தீங்களா? இந்த வருசம் மலைக்கி நானு வர்றேன்,” என்றாள். இந்த இடத்தில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கதையை இங்கே நிறுத்த முடிந்தால் நிறுத்துவேன்.

தவக்காலத்து முதல் வெள்ளி. கஸ்பாரின் அக்காள் ஞானமேரி வீட்டுக்கு வந்தாள். மாதா சபைத் தலைவி. யார் வீட்டில் என்ன கொதிக்கிறது என்று வாசலிலேயே கண்டுபிடிப்பவள்.

“என்னாடி, மூஞ்சி இப்பிடிச் சுண்டிப் போயிக் கெடக்குது? எளைச்சிட்டு வேற போற. ஒடம்புக்கு ஏதாச்சியும் கெட்ட வியாதியா?”

ஊசி என்று சொன்னால் அதற்கும் ஒரு பேச்சு தயாராக இருக்கும்: அறுபது வயதில் இவளுக்கு ஒய்யாரம். ஆக்சிலியா ஒரு நொடி யோசித்தாள்.

“ஒருசந்திங்க அண்ணி.”

அதோடு தீர்ந்தது. அடுத்த ஞாயிறு பூசையில் முன்வரிசையில் அவளுக்கு இடம் விட்டார்கள். பரீட்சை எழுதப் போகிற பெண்களைக் கூட்டிவந்து தலையில் கை வைக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருந்ததால் சொம்பை அலமாரிக்குள் ஒளித்து வைக்க வேண்டியதாயிற்று. கஞ்சிக்குக் கதவைச் சாத்த வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை சாப்பிடச் சொன்னார் டாக்டர். ஒரு நாளைக்கு எத்தனை முறை கதவைச் சாத்துவாள்? பொய்யாகச் சொன்ன விரதம் மெல்ல மெல்ல நிஜமாகிவிட்டது.

கஸ்பார்? பாயிண்ட்ஸ்மேனை ரயிலில் போகிறவர்கள் கூடப் பார்ப்பதில்லை. இப்போது டீக்கடையில் அவருக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். “அக்காவோட புண்ணியந்தாண்ணா ஊருக்கே” என்றார்கள். கஸ்பார், “எல்லாம் ஆண்டவரு சித்தங்க” என்று சொல்லிவிட்டு, மேலும் ஒரு டீ குடித்தார்.

4.

டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டிய பிறகு வந்த வாரம் அது. புதன்கிழமை ஆரம்பித்த வாந்தி வியாழனும் நிற்கவில்லை. காலண்டருக்குப் பின்னால் அடிக்கோடிட்ட வரி இருந்தது. “இன்னிக்கி ஊசிய உட்டுட்டா நாளைக்கி முட்டி புடிச்சிக்குமோ என்னமோங்க,” என்றாள். அது முட்டிக்கான ஊசி அல்ல என்று கஸ்பாருக்குத் தெரியும். சொல்லவில்லை. போட்டுக்கொண்டாள்.

வெள்ளி, மதியம் மூன்று மணி வெயிலில் சிலுவைப்பாதை. மஞ்சள் பையில் ஒரு லிட்டர் பாட்டில், உப்புச் சர்க்கரைக் கரைசலோடு. அதைக் கலந்து எடுத்துக்கொண்டது கஸ்பார்தான். அவ்வளவுக்கு அவர் பொறுப்பானவர்.

அவள் ஏறினாள். முதல் ஸ்தலம், இரண்டாவது, மூன்றாவது. ஐந்தாம் ஸ்தலத்தில், சிலுவை சுமக்க முடியாதவருக்குச் சீமோன் வந்து உதவி செய்ததை உபதேசியார் மைக்கில் வாசித்தார். கஸ்பார் பையோடு நின்று பக்தியாகக் கேட்டார். ஆறாம் ஸ்தலத்தில் வெரோணிக்கா ஆண்டவரின் முகம் துடைத்ததை வாசித்தார். அதையும் கேட்டார்.

ஏழாவதில் ஆக்சிலியா திரும்பிக் கீழே பார்த்தாள். உதடு வெடித்திருந்தது.

“என்னாங்க, இங்கிருந்து நம்ம ரயில் ரோடு தெரியுதுங்க.”

“ஆமா.”

“இத்தினி வருசம் நீங்க நின்ன எடம் எவ்ளோ சின்னதா இருக்குது.”

சிரித்தாள். கஸ்பார் பையைத் திறந்து பாட்டிலைக் காட்டினார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

ஒன்பதாம் ஸ்தலத்தில் எல்லோரும் முட்டி போட்டார்கள், எழுந்தார்கள். ஆண்டவர் மூன்றாம் முறை விழுந்த இடம். ஆக்சிலியா எழவில்லை. சிலுவைக் கம்பத்தில் நெற்றி முட்டியிருந்தது.

“தொடாதீங்க,” என்றாள் ஞானமேரி. “செபத்துல மூழ்கிட்டா. ஆண்டவரு உழுந்த எடத்துலயே உழுந்துட்டா பாருங்க.” சில பெண்கள் அவளைச் சுற்றி மறுபடியும் முட்டி போட்டார்கள். மற்றவர்கள் பத்தாம் ஸ்தலத்துக்குப் பாடிக்கொண்டே போனார்கள். ஒரு மனுசி மயங்கி விழுந்தால் தூக்காமல் மண்டியிடுகிற ஊர் உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும். அது என் ஊர்.

செவ்வாய்க்கிழமை, குருத்து ஞாயிறு முடிந்து இரண்டாம் நாள், ஆஸ்பத்திரியில் இறந்தாள். உடம்பில் நீர் வற்றிக் கிட்னி நின்றுவிட்டது. ‘தவத்தில் உயிர் நீத்தவர்’ என்று பிளக்ஸ் வைத்தார்கள்.

5.

மலருக்கு இது போதும். ஊசியை எடுத்துவிட்டால் அமல்தாஸுக்கும் சந்தோஷம். பிறகு ஏன் இன்னும் எழுதுகிறேன்?

நிர்மலாவால். ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டாள்: “அந்த ஊசிய நான்தாம்பா வாங்கிக் குடுத்தேன். அம்மா மின்னயே வேணாம்னுச்சி. நானே கொன்னுட்டேம்பா.” ஊருக்கு அவளுடைய அம்மா தவத்தில் செத்தாள். நிர்மலாவுக்கு, தன் கையால் செத்தாள். ஒரு வருடமாகப் போனில் வேறு பேச்சே இல்லை.

டூட்டி டாக்டர் கஸ்பாரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னது அவளுக்குத் தெரியாது. “தண்ணி தங்காதப்பவே, புதன்கெழமையே கொண்டாந்திருந்தா, ஒரு நாள் டிரிப்ஸ் போட்டு அனுப்பியிருப்பம். வெள்ளிக்கெழமகூட லேட்டு இல்லீங்க. அந்த வெயில்ல ஏன் ஏத்துனீங்க?”

கஸ்பார் வெளியே வந்து மகள் தோளில் கை வைத்து, “அழுவாத சாமி” என்றார். சரியான நேரத்தில் கொடி காட்டியே பழகியவர்.

6.

நான்காம் பகுதியில் ஒரு வரி பொய்.

அவள் தலையாட்டவில்லை. அந்த வரியை வேறு இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். ‘வேண்டாம் என்றாள்’ என்று ஒன்று. ‘இறங்கும்போது குடித்துக்கொள்கிறேன் என்றாள்’ என்று ஒன்று. இரண்டுமே நன்றாக இருந்தன. இரண்டிலும் கஸ்பார் நல்லவர்.

நடந்தது: அவள் கையை நீட்டினாள். வாயைத் திறந்து கேட்கவில்லை, கை மட்டும் பையை நோக்கி வந்தது. கஸ்பார் பையைத் திறக்கப் போனார். அப்போது நாலு படிக்கு மேலிருந்து ஞானமேரி திரும்பிப் பார்த்தாள். கஸ்பார் பையின் வாயை மூடி மறுபக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

ஆக்சிலியா அவரைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள், நீட்டியதே அதற்குத்தான் என்பது போல. அவரைக் காப்பாற்றினாள். ரயில் ரோடு தெரிகிறது என்று அவள் சொன்னது அதற்கப்புறம்தான். நான் வரிசையை மாற்றியிருந்தேன்.

அவளைக் கொன்றது ஊசி அல்ல. ஞானமேரி அல்ல, அவள் முட்டாள், அதற்கு மேல் குற்றம் இல்லை. டீக்கடையில் எழுந்து இடம் கொடுப்பார்களே, அது போய்விடுமே என்று கஸ்பார் நினைத்தார்.

* அந்த ஒரு லிட்டரையும் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கஸ்பாரே குடித்தார். தாகமாக இருந்தது.

7.

முடிவுகள்:

(அ) ஏழாம் ஸ்தலத்தில் பாட்டிலைத் திறக்கிறார். ஊர் சிரிக்கிறது. ஆக்சிலியா உயிரோடு இருக்கிறாள், கொஞ்சம் அவமானத்தோடு. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. நடக்கவில்லை.

(ஆ) புதன்கிழமையே காலண்டரை விலக்கித் தாளைப் படிக்கிறார். இந்தக் கதையே இல்லை. மிக நல்ல முடிவு.

(இ) மலர் வெளிவருகிறது. ஒளிவட்டம் அமல்தாஸ் சொன்னதைவிடப் பெரிதாக விழுந்திருக்கிறது. எல்லோரும் கஸ்பாரின் தமிழைப் பாராட்டுகிறார்கள். பெங்களூரில் ஒரு பெண் தன்னையே தின்றுகொண்டிருக்கிறாள்.

(ஈ)

இந்த முடிவை நான் எழுதப்போவதில்லை. மலருக்கும் இந்தக் கதை போகாது. அமல்தாஸ் கேட்டது இரண்டு பக்கம், இது எப்போதோ அதைத் தாண்டிவிட்டது. இதற்கு ஒரே ஒரு பிரதிதான் உண்டு. டாக்டர் எழுதிய தாளையும் இதோடு பின் குத்தி வைக்கிறேன். அடிக்கோட்டைப் பார்.

மேலே வாசகரே என்று கூப்பிட்டது உன்னைத்தான் நிர்மலா. பேர் சொல்லி ஆரம்பித்திருந்தால் முதல் பக்கம் தாண்டியிருக்க மாட்டேன்.

அம்மா வருசப் பூசைக்கு வெள்ளிக்கிழமை ரயிலில் வருவதாகச் சொன்னாய். இந்தத் தபால் அதற்குள் உன் கைக்கு வந்துவிடும். நான் பிளாட்பாரத்தில் நிற்பேன். நீ இறங்கலாம். இறங்காமல் அப்படியே சேலத்துக்குப் போய்விடலாம். ஏறாமலே இருந்துவிடலாம். எதுவானாலும் அதை (ஈ) என்று போட்டுக்கொள்.

பையில் தண்ணீர் இருக்கும். பை திறந்திருக்கும்.