தறி நிற்கும் நாள்

இன்னும் பத்தொன்பது நாட்கள். அதன் பிறகு எங்கள் சர்வரில் ஓடும் டேட்டாபேஸின் பழைய பதிப்பில் என்ன ஓட்டை விழுந்தாலும் அடைத்துத் தர ஆளில்லை. புதிய பதிப்பு வந்து ஒன்றரை வருடமாகிறது. மாற்றிவிடலாம் என்று நான் சொல்ல ஆரம்பித்து ஆறு மாதம்.

மாற்ற வேண்டுமென்றால் தறிகள் நிற்க வேண்டும். எங்கள் கூடத்தில் இருபத்து நான்கு தறிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெட்டி. காலையில் நெய்பவர் தறியில் உட்கார்ந்ததும் அன்றைய டிசைனை அது சர்வரிலிருந்து வரி வரியாக வாங்கிக்கொள்ளும். ஒரு மிதிக்கு ஒரு வரி. அந்த வரியில் உள்ள இழைகளைப் பெட்டி தூக்கும், குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு நாடா உள்ளே ஓடும். ஒரு தறியில் புடவை முடியும்போது இன்னொன்றில் பாதியில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் நாலைந்து பேர் வந்துவிடுவார்கள். எல்லாத் தறிகளும் சேர்ந்து நிற்பது அமாவாசையன்று மட்டும்தான். அன்றைக்கு யாரும் தறியைத் தொடமாட்டார்கள். பேக்கப் எடுக்க நான் மட்டும் வருவேன்.

வரும் அமாவாசை நாளை மறுநாள். அதை விட்டால் அடுத்தது அந்தப் பத்தொன்பது நாளும் முடிந்த பிறகு.

கூடத்தின் முதலாளி முத்துக்குமார் அண்ணனிடம் ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒரு காரணம் இருந்தது. வைகாசியில், "ஓடறத எதுக்குமா நோண்டணும்?" ஆனியில், "கல்யாண ஆர்டர் கெடக்குது, அடுத்த அமாவாசைக்குப் பாத்துக்கலாம்." ஆடியில் நான் எல்லாம் தயார் செய்து வைத்துவிட்டுக் கேட்டேன். போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே வேண்டாமென்று கையை மட்டும் ஆட்டினார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் சாயங்காலம் என் ஊர் கூரத்துக்குப் போகும் பஸ்ஸில்தான் எனக்கு ஒழுங்காக வந்தது. நான் படித்த பி.எஸ்ஸி. இயற்பியலில் இதற்குப் பாடம் இல்லை.

ஆடி அமாவாசைக்கு மறுநாள் பதினேழாம் தறியில் புடவையின் முந்தி குழம்பியது. காவேரி அக்காவின் தறி. கூடத்திலேயே பெரிய டிசைன் அதில்தான் ஏறியிருந்தது; முந்தி முழுக்கப் பின்னிப் பின்னி ஓடும் கொடி. புது டிசைன் என்பதால், தண்டு வர வேண்டிய இடத்தில் இலை வந்தது நாலு விரல் அகலம் நெய்த பிறகுதான் தெரிந்தது. ஜரிகையைப் பிரித்தால் நைந்துவிடும். அக்கா எழுந்து நின்று கத்தினார்.

"பொட்டி தப்பு தப்பா தூக்குதுண்ணா!"

டிபன் சாப்பிடப் போயிருந்த முத்துக்குமார் அண்ணன் வந்து, டிசைனைத் திரும்ப ஏற்றி, மிதித்துப் பார்க்கச் சொன்னார். பெட்டி சரியாகத் தூக்கியது. இன்னொரு தடவை மிதித்தார்கள். அதுவும் சரி.

"ரெண்டு தரம் மிதிச்சிருப்பே. கவனம் எங்க இருந்துச்சு?"

"இருவது வருசமா மிதிச்சிக்கினு இருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"அப்போ பொட்டி பொய் சொல்லுதா?"

பக்கத்துத் தறியில் யாரோ சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அண்ணன் அக்காவைத் தறியிலிருந்து இறக்கி, தார் சுற்ற, அதாவது நாடாவுக்குள் வைக்கும் குச்சிகளில் நூல் சுற்ற, அனுப்பிவிட்டார். பதினேழில் வேறு ஆள். இருபத்தேழு நாட்களாக அக்கா தார்த் தட்டை எடுத்துக்கொண்டு என் அறையின் கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போகிறார். "இன்னா கிரேஸு, சாப்ட்டியா?" என்று கேட்கிறார். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுகிறேன்.

இன்று காலை நானே போய் முத்துக்குமார் அண்ணன் மேஜைக்கு முன்னால் நின்றேன்.

"அண்ணா, நாளான்னிக்கு விட்டா நாள் இல்ல."

"மறுபடியுமா? எதுனா ஆச்சுன்னா இருவத்திநாலு தறியும் நிக்கும். நீ வந்து நெய்வியா?"

"ஒரு தப்பு இருந்துச்சு. அத சரி பண்ணிட்டேன். இனிமே ஒண்ணும் ஆவாது."

"இன்னா தப்பு?"

"டிசைன் வரிங்களக் கேக்கறப்போ வரிசையாக் குடுன்னு நம்ம புரோகிராம்ல சொல்லவே இல்லண்ணா. பழசு அதுவா வரிசையாக் குடுத்துக்கினு இருந்துச்சு. புதுசு அப்படி இல்ல. பெரிய டிசைன்னா வேலைய நாலாப் பிரிச்சுக்கும். எது முன்னாடி முடியுதோ அத முன்னாடி குடுத்துரும்."

முதல் தடவையாகப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அப்டிக் குடுத்தா?"

"கலந்து வரும்."

"கம்ப்யூட்டர்ல வெச்சுப் பாத்தியா?"

"அதுல சின்ன டிசைனத்தான் வெச்சுப் பாத்தேன். அப்போ வரல."

"அப்போ எப்டி இவ்ளோ உறுதியா சொல்றே?"

காவேரி அக்கா தார்த் தட்டோடு உள்ளே வந்தார். மேஜையில் இடமில்லாமல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். முத்துக்குமார் அண்ணன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார்.

"சரி, போடு. அமாவாசைக்கே போட்டுடு. ஆனா இவ மாதிரி ரெண்டு தரம் மிதிச்சு வெக்காத, இன்னா?"

அக்கா தட்டின் விளிம்பில் உருண்டு வந்த ஒரு தாரைக் கட்டை விரலால் உள்ளே தள்ளினார். நான் ஆறு மாதமாகக் கேட்டது கிடைத்துவிட்டது. தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

"அண்ணா" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "ஆடி அமாவாசைக்கே நான் புதுசப் போட்டுட்டேன். உங்களுக்குச் சொல்லல. அக்கா கத்தினப்போ, நீங்க வர்றதுக்குள்ள பழசுக்கு மாத்திட்டேன். அக்கா சரியாத்தான் மிதிச்சாங்க."