பிரிக்காத கசற்

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. உரும்பிராய்ப் பரமலிங்கத்தார் ஆண்டியுமில்லை, அவரிடம் சங்குமில்லை. லண்டனில் படிக்கிற மகன் தவநேசன் குரல் பதிந்து அனுப்பிய கசற் ஒன்றுதான் இருந்தது. கொழும்பிலிருந்து கிளாலிக் கடல் தாண்டி வந்த ஒருவர் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கின கையோடு கேட்டுவிட்டு மனுசன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தாரா? புத்தூருக்குச் சைக்கிள் உழக்கிப் போய், "சம்மந்தி, பெடியன் கசற் அனுப்பியிருக்கிறான். நாங்கள் இன்னும் பிரிக்கேல்லை. நீங்கள் வந்த பிறகுதான் கேக்கிறது" என்று சொல்லிவிட்டு வந்தார். நெஞ்சில் கள்ளமில்லை என்று காட்டுகிறாராம்.

பேசியிருந்தது மாற்றுச் சம்பந்தம். புத்தூர்க் கனகசபாபதியின் மகள் பராசக்தி தவநேசனுக்கு. கனகசபாபதியின் மகன் மார்க்கண்டு, தவநேசனின் தங்கை குணலட்சுமிக்கு. இரண்டு பக்கமும் சீதனக் கதை இல்லை. ஒன்று முறிந்தால் மற்றதும் முறியும், அதுதான் மாற்று.

குணலட்சுமிக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. முதலில் வந்த சம்பந்தங்களில் ஒன்று சாதகத்தில் போனது, மற்றது சண்டையில் போனது. இந்த முறை அவளுக்கு ஆளைப் பிடித்துவிட்டது. சுன்னாகம் சந்தையில் மார்க்கண்டு வெங்காயம் நிறுப்பதைப் பார்த்திருக்கிறாள். வாங்குகிற சனம் வாய்க்கு வந்தபடி பேசப் பேச, எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டு, முதல் சொன்ன விலைக்கே விற்றான். இப்படி ஒருத்தனோடு காலம் தள்ளலாம் என்று அன்றைக்கே நினைத்துவிட்டாள். வெட்கத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆசை மட்டும் நெஞ்சு முட்ட இருந்தது.

புத்தூர்த் தகப்பனும் மகனும் ஒரு பின்னேரம் வந்து சேர்ந்தார்கள். போர்க்காலம். கரண்ட் போய் வருசக்கணக்கு, பற்றரி கொண்டுவரத் தடை. ஆனபடியால் முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாய்க் கவிழ்த்து, பின்சில்லில் டைனமோவை முட்டவிட்டு, வயரைக் கசற் போடுகிற றேடியோவில் கொளுவி, பெடலைக் கையால் சுற்றவேண்டும். சீராகச் சுற்றினால் குரல் குரலாக வரும். கை தளர்ந்தால் கிணற்றுக்குள் நின்று கதைப்பது போல இழுபடும். அந்த வீட்டில் சீராகச் சுற்றுகிற கை குணலட்சுமியின் கைதான். அவள் பெடலடியில் இருந்தாள். தாய் செல்வநாயகி பயத்தம் பணியாரத் தட்டோடு கதவடியில் நின்றாள்.

"ஐயா, அம்மா, தங்கச்சி, எல்லாரும் சுகமோ? இஞ்சை சரியான குளிர். படிப்பும் போகுது" என்றது தவநேசனின் குரல். செல்வநாயகி உடனே அழத் தொடங்கினாள்.

"கேட்டியளோ, படிப்பு" என்றார் பரமலிங்கத்தார். "புத்தகமும் அறையும்தான். வேறை உலகம் தெரியாது அவனுக்கு."

"செவ்வாய்க்கிழமை ஒரு படம் பாத்தன்" என்றது றேடியோ. "நல்ல படம். புதனும் ஒண்டு பாத்தன். அது சரியில்லை. ஏன் சரியில்லை எண்டு பாக்கத் திருப்பியும் ஒருக்காப் பாத்தன்."

கனகசபாபதி நிமிர்ந்தார். "படம் பாக்கிறவரோ?"

"இங்கிலீசு பழக."

"நேற்று நாடகம். மேடையிலை ஒரு கதிரை, ஒரு மனிசி. இரண்டரை மணித்தியாலம் மனிசி கதிரையோடை கதைச்சுது. இடைவேளைக்கு ஐஸ்கிறீம் குடிச்சம். முடியேக்கை எனக்கு அழுகை வந்திட்டுது."

"நாடகமும் போறாரோ?"

"அதுவும் இங்கிலீசுதானே" என்றார் பரமலிங்கத்தார்.

"நாளைக்கு வெளிக்கிட்டுச் சனி ஞாயிறு கடற்கரைப் பக்கம் போறம்."

"போறம் எண்டால் ஆரார்?"

"பெடியங்கள்" என்றார் பரமலிங்கத்தார், றேடியோவை முந்திக்கொண்டு.

"ஐயா, இந்த இடத்திலை கசற்றை நிப்பாட்டிப்போட்டு அம்மாவை அடுப்படிக்கு அனுப்புங்கோ" என்றது றேடியோ.

ஒருவரும் நிற்பாட்டவில்லை, செல்வநாயகியும் போகவில்லை. குணலட்சுமிக்கு அண்ணனைத் தெரியும். அண்ணை ஏதும் குளப்படி செய்துவிட்டுச் சொல்ல வந்தால் முதலில் தொண்டையைச் செருமுவான். கசற்றிலும் செருமினான். அவள் கையைத் தளர்த்தினாள். குரல் இழுபட்டு இழுபட்டு, ஒரு சொல்லும் விளங்காமல் அடங்கிப்போனது.

"பிள்ளைக்குக் கை உளைஞ்சு போச்சு" என்றார் பரமலிங்கத்தார், போன உயிர் திரும்பி. "காணும், மிச்சத்தைப் பிறகு கேப்பம். பணியாரம் எடுங்கோ, சம்மந்தி."

"அந்த இடத்தைத் திருப்பிப் போடுங்கோ" என்றார் கனகசபாபதி. "வீட்டை போனால் பராசக்தி ஒரு சொல் விடாமல் கேப்பாள். 'அப்பு, அவர் என்னைப்பற்றி ஏதும் சொன்னவரோ எண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ' எண்டு வாசல் படலை வரைக்கும் வந்து சொல்லிவிட்டவள். இப்பவும் படலையடியிலைதான் நிப்பாள்."

மார்க்கண்டு பேனையை ஓட்டைக்குள் விட்டுக் கசற்றைப் பின்னுக்குச் சுற்றினான். சுற்றியபடி குணலட்சுமியின் கையைப் பார்த்தான். புத்தூரில் பின்னேரச் செய்திக்குப் பெடல் சுற்றுகிறவன் அவன்தான். களைத்த கை எது, களவு செய்கிற கை எது என்று தெரியாதவனா?

"நான் சுத்தட்டோ?" என்று மெல்லக் கேட்டான்.

படலையடியில் நிற்கிற பராசக்தியை அவள் நினைத்தாள். சுற்றினால் தன் கலியாணம் போச்சு. சுற்றாவிட்டால் அந்தப் பிள்ளையின் வாழ்க்கை போச்சு. தானும் படலை பார்த்து நின்றவள்தானே.

"வேண்டாம். நானே சுத்துறன்" என்றாள். ஒரு சொட்டும் தளராமல் சுற்றினாள்.

"நானும் மார்கிரெற்றும் போறம், ஐயா. அவதான் என்னை நாடகத்துக்குக் கூட்டிக்கொண்டு போறவ. போன மாதம் கலியாணம் பதிஞ்சு எழுதியாச்சு. புத்தூர்ப் பேச்சை நிப்பாட்டிப்போடுங்கோ. அம்மாவுக்கு மெல்லமாச் சொல்லுங்கோ."

மெல்லமாகச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. செல்வநாயகி தட்டை நிலத்தில் வைத்துவிட்டு அதற்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டாள். பரமலிங்கத்தார் றேடியோ பிழையான நிலையத்தைப் பிடித்துவிட்டது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கனகசபாபதி சால்வையை உதறித் தோளில் போட்டார். "கேட்டது நல்லதாப் போச்சு. மார்க்கண்டு, வெளிக்கிடு."

குணலட்சுமி பெடலை விட்டாள். அழவில்லை. அழுதால் பிள்ளைக்குக் கை உளைவு என்று ஐயா சொல்லுவார்.

மார்க்கண்டு எழும்பவில்லை. கசற்றை எடுத்து மறுபக்கம் திருப்பிப் போட்டான்.

"நீங்கள் நடவுங்கோ, அப்பு. மற்றப் பக்கம் கிடக்கு."

"மாற்று முறிஞ்சு போச்சடா!"

"தங்கச்சிக்கு முறிஞ்சுது. எனக்கு முறியேல்லை. எங்கடை பிள்ளை ஏமாறக்கூடாதெண்டு தன்ரை கலியாணத்தைத் தானே சுத்தி உடைச்சவ. இப்பிடி ஒராளை நான் எந்தச் சந்தையிலை தேடுறது?"

"உனக்கென்ன விசரோ?"

"ஓம், அப்பு."

கனகசபாபதி விறுவிறென்று படலைக்கு நடந்தார். மார்க்கண்டு பெடலைப் பிடித்தான். "தள்ளி இரும். கை உளையும்" என்றான் குணலட்சுமியிடம்.

மற்றப் பக்கத்தில் தவநேசன் ஒன்றும் பதியவில்லை. வெறும் இரைச்சல்தான் வந்தது. மார்க்கண்டு கவனமாகக் கேட்டுக்கொண்டு, சீராகச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"இன்னும் முடியேல்லையோடா?" என்று படலையடியில் சைக்கிளைப் பிடித்தபடி கத்தினார் கனகசபாபதி.

"இப்பத்தானே துவங்கியிருக்கு" என்றான் மார்க்கண்டு. குணலட்சுமி பணியாரத் தட்டை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள்.